மேலாக ஒரு கரண்டி

அந்த அண்டா வந்து இறங்கிய அன்று தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. கிரேன்காரர் ஒரு பக்கம் கத்துகிறார், அண்ணன் இன்னொரு பக்கம் கத்துகிறார், வாசலை இடிக்காமல் உள்ளே போகாது என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொள்கிறார். இத்தனைக்கும் நடுவில் சின்னவளுக்கு மட்டும் வாயெல்லாம் பல். ஏன் இருக்காது? அது அவள் அண்டா. பணம் போட்டது அண்ணனாக இருக்கலாம், பற்றவைத்துக் கொடுத்தது பட்டறைக்காரராக இருக்கலாம். அதை முதலில் மனசுக்குள் கட்டிப் பார்த்தவள் அவள்தான்.

சின்னவள் என்றதும் யாரோ இளசு என்று நினைத்துவிட வேண்டாம். காதோரம் நரைத்துவிட்டது. அண்ணனுக்குத் தங்கை, அதனால் சின்னவள். வீட்டிலும் அதுதான் பெயர், சோப்புக் கம்பெனியிலும் அதுதான் பெயர். அப்பா போன பிறகு இரண்டு பேருமாகத்தான் கம்பெனியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். துணி துவைக்கிற பார் சோப்பு. அண்ணனுக்கு வெளிவேலை: சரக்கு பிடிப்பது, சரக்கு விற்பது, போகிற இடமெல்லாம் சண்டை போடுவது. அவளுக்கு உள்வேலை: அடுப்பு, ஆட்கள், செலவுக் கணக்கு. இதெல்லாம் போக, நாக்கு.

நாக்கு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போனால் ஒன்றும் புரியாது. சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து கொதித்து ஒன்றாகிற சமாசாரம். மிளகாய்க் காரம் இல்லை, காஸ்டிக் சோடா. எண்ணெயோடு முழுசாகக் கலந்துவிட்டால் சாது. கலக்காமல் மிச்சம் நின்றதோ, தோலைத் தின்றுவிடும். கலந்ததா இல்லையா என்று பார்க்க ஊர் உலகத்தில் என்னென்னவோ கருவிகள் இருக்கும். அந்தக் கம்பெனியில் நாக்குதான் கருவி. கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஆற விட்டு, நுனி நாக்கில் தொட வேண்டும். சுரீர் என்று இழுத்தால் இன்னும் வேகணும். சப்பென்று இருந்தால் இறக்கலாம். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான். அப்பாவுக்குப் பிறகு அந்த வீட்டில் நாக்கு உள்ளவள் சின்னவள். அண்ணன் சின்ன வயதில் ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டியவர், அதோடு சரி.

முன்பு நாலு அண்டாக்கள் இருந்தன. நாலு அடுப்பு, நாலு ஆள். ஆளுக்கு ஓர் அண்டா, அவரவர் அண்டாவை அடுத்தவர் குறை சொன்னால் பொறுக்க மாட்டார்கள். ஆனால் குறை சொல்லாமலும் இருக்க மாட்டார்கள். ஒருவர் வெந்துவிட்டது என்று சொன்னால் போதும், மற்ற மூன்று பேரும் கரண்டியோடு வந்துவிடுவார்கள். "இதுவாய்யா வெந்தது? என் மாமியார் வாய் இதைவிடச் சாது" என்று ஒருவர் துப்புவார். எப்போதாவது ஓர் அண்டா கெட்டுப்போகும். அந்த அண்டாக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தானே வந்து, "இன்னிக்கு சொதப்பிட்டேன் பாப்பா" என்பார். மறுபடி கொதிக்க வைப்பார்கள். மற்ற மூன்றும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியே ஓடியிருக்கலாம். பெரிய கம்பெனிக்காரர்களின் சோப்பு கடைக்குக் கடை மலிவாக வந்து உட்கார்ந்தபோதுதான் வியாபாரம் படுத்தது. அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற ஒரு சலவை நிலையத்து முதலாளியம்மா அண்ணனிடம் சொன்னார்: "அவங்க விலைக்குக் குடுங்க, உங்க சரக்கு மொத்தத்தையும் நானே எடுத்துக்கிறேன்." அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த விலைக்கு விற்றால் அடுப்பு எரிக்கிற விறகுக்குக்கூடக் கட்டாது.

 சின்னவள் எழுந்து போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். நாலு டம்ளரில் ஊற்றினாள். அந்த நாலுக்கும் சேர்ந்த அளவை ஒரு பெரிய செம்பிலும் ஊற்றினாள். "முதல்ல சாப்பிடு" என்றாள். சாப்பிட்டு முடித்ததும், "இப்ப விரலை விட்டுப் பாரு" என்றாள். டம்ளர் நாலும் ஆறிப் போயிருந்தன. செம்பில் விரலை விட்ட அண்ணன் "ஆ" என்று எடுத்துக்கொண்டார்.

"நம்ம நாலு அண்டாவும் இந்த டம்ளர்தான்" என்றாள். "சூட்டைத் தெருவுக்குத் தானம் பண்ணிட்டு இருக்கோம். ஒரே அண்டாவாப் போட்டா பாதி விறகு போதும். நாலு பேரு கிண்டுறதை ஒரு மோட்டார் கிண்டிடும். லாரி அரைகுறையா ஓடாது. அண்டா மட்டும் எப்பவும் நிரம்பணும், அவ்வளவுதான். நிரம்பினா அவங்க விலைக்கு நாமளும் குடுக்கலாம்."

அண்ணன் செம்பை ஓரமாக நகர்த்திவிட்டு மறுபடி தட்டை இழுத்தார். பிறகு ஒரு பிடி பிடித்தார், அண்ணிக்குச் சோறு மிஞ்சவில்லை.

அண்டா வந்தது, மூன்று பேர் போனார்கள். அதை அண்ணன்தான் சொல்லி அனுப்பினார். சின்னவள் அன்றைக்குத் தலைவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். தலைவலியாவது ஒன்றாவது! அந்த மூன்று முகங்களையும் பார்க்கத் துப்பில்லை, அவ்வளவுதான்.

மிஞ்சியவர் ஒருவர், காரக்காரர். அப்பா காலத்து ஆள். அண்ணனும் சின்னவளும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். காஸ்டிக் சோடாவைக் கரைத்து, வாளி வாளியாக அளந்து ஊற்றுவது அவர் வேலை. தரையில் ஒரு சொட்டு சிந்தாது. அந்தக் கைமேல் அவருக்கு ஒரு கர்வமே உண்டு. அவர் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. மதியம் மணியடித்ததும் பின்தெருவில் இருக்கும் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொட்டு மருந்து போட்டுவிட்டு வருவார். "மாமா, அத்தைகிட்ட இவ்வளவு ஆசையா?" என்று சின்னவள் சீண்டுவாள். "ஆசை என்ன ஆசை, வேற யாரு போட்டாலும் பாதி மருந்து கன்னத்துல வழியுதும்மா. நான் போட்டா ஒரு சொட்டு, நடுக்கண்ணுல" என்பார்.

அண்டா கொதித்தது, பாருக்கு ஆகிற செலவு மளமளவென்று இறங்கியது. சின்னவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒரே ஒரு சங்கடம். அண்டாவின் மேலே போகப் படிக்கட்டும் பரணும் போட்டிருந்தார்கள். பரணில் நின்று கரண்டியை விட்டால் மேல்மட்டம்தான் எட்டும். சின்ன அண்டாவில் ஒரு கிண்டு கிண்டினால் அடி மேலே வந்துவிடும். இதில் அது நடக்காது. காரத்தண்ணீர் கனம், எண்ணெய் லேசு. சரியாகக் கலக்காவிட்டால் காரம் அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அதனால் சின்னவளே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். மேலே ஒரு கரண்டி, பிறகு படியிறங்கி வந்து அடி வால்வைக் கொஞ்சம் திறந்து அங்கே ஒரு கரண்டி. இரண்டும் சாதுவாக இருந்தால்தான் "இறக்குங்க" என்பாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகுதான் அடுப்பை அணைத்து, அடி வால்வு வழியாக அச்சுப்பெட்டிகளில் பிடிப்பார்கள்.

அன்றைக்கு வாசலில் லாரி நின்றது. லாரிக்காரர் ஆரன் அடித்துப் பிராணனை வாங்கினார். மோட்டார் பெல்ட் வேறு காலையிலிருந்து நழுவி நழுவி, பாதி நேரம் கிண்டாமல் சும்மா சுற்றியது. அடுப்பில் விறகு போய்க்கொண்டே இருக்கிறது. அந்த அண்டாவுக்குக் கூடுதலாக ஒரு கொதி விட்டால் எவ்வளவு எரியும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பரணில் நின்றபடி மேலாக ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தாள். சாது. கீழே வால்வைப் பார்த்தாள். இறங்கணும், கையுறை மாட்டணும், திறக்கணும், ஆற வைக்கணும். மனசுக்குள் ஏதோ உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இறக்குங்க" என்றாள்.

பிறகு வந்தது போன் அல்ல, முதலாளியம்மாவே நேரில் வந்துவிட்டார். அவர் சலவைக்கூடத்தில் துணி துவைக்கிற பெண்களுக்குக் கையெல்லாம் கொப்புளம். அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு நேரே சின்னவளிடம் வந்தார்.

"நீ ருசி பார்த்தேல்ல?"

"பார்த்தேன்" என்றாள்.

பொய்யில்லையே, பார்த்தாள்தானே! அந்த ஒரு சொல்லை அவள் பிறகு எத்தனை தடவை மனசுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். எப்படிப் போட்டாலும் அது பொய்யாகத்தான் விழுந்தது.

"அப்போ மாமாதான்" என்றார் அண்ணன். "வாளி எண்ணிக்கையில தப்பு விட்டிருப்பாரு. ஒரு வாளி கூடப் போயிருக்கும்."

அண்ணன் போனதும் சின்னவள் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதே கொதியில் பிடித்த பார்கள் மிச்சம் இருந்தன. கடைசியாகப் பிடித்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். சப்பென்று இருந்தது. முதலில் பிடித்த பெட்டியிலிருந்து ஒன்று. நாக்கு சுருண்டுகொண்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாளி கூடப் போயிருந்தால் எல்லாப் பாரும் கடித்திருக்க வேண்டும். அடியிலிருந்து வந்தது மட்டும் கடிக்கிறது. காரக்காரரின் கை சரியாகத்தான் அளந்திருக்கிறது. கீழே இறங்கி வந்து ஒரு கரண்டி எடுத்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். சோப்பு மூட்டைகளுக்கு நடுவில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அண்ணன் அவளையும் கூட்டிக்கொண்டு சலவை நிலையத்துக்குப் போனார். வரிசையாகத் தொட்டிகள். பெண்கள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மற்ற வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. முதலாளியம்மா அந்தக் கையைப் பிடித்து அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். யாரு பண்ணதுன்னு சொல்லுங்க. யாருன்னே தெரியலைன்னா நாளைக்கும் இதேதான் நடக்கும்."

"காரம் அளக்குறவருங்க" என்றார் அண்ணன். "வயசாயிடுச்சு, கை தடுமாறிப்போச்சு. நேத்தே நிறுத்திட்டேன்."

சின்னவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். நிறுத்தியாகிவிட்டதா? அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். தோல் உரிந்த கைக்காரி, "ஐயோ பாவம், வயசானவரா?" என்றாள். வேறு யார் கேட்டிருந்தாலும் தாங்கியிருக்கலாம்.

திரும்பி வருகிற வழியில் வேனிலேயே சின்னவள் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். பெல்ட், லாரி, மேல் கரண்டி, கிடங்கில் தொட்டுப் பார்த்தது, எல்லாம். அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். 

"இதை இத்தோட விட்டுடு" என்றார்.

"அண்ணே!"

"இங்க பாரும்மா. முதலாளி தங்கச்சியே ருசி பார்க்காம இறக்கிட்டான்னு தெரிஞ்சா அந்தம்மா நம்மகிட்ட இன்னொரு பார் வாங்குவாங்களா? அவங்க போனா அண்டா பாதிதான் நிரம்பும். பாதி அண்டாவுக்கும் அதே அடுப்பு, அதே மோட்டார், அதே ஆள். ஒரு பாருக்கு ஆகுற செலவு பழைய நாலு அண்டாவைவிட எகிறிடும். எத்தனை நாள் தாங்குவோம்? மாமா ஒருத்தர் போறாரு. இல்லேன்னா பெட்டி பிடிக்கிறவங்க, பார் அறுக்குறவங்க, நீ, நான், எல்லாரும் போறோம். இது நீ சொல்லிக் குடுத்த கணக்குதானே?"

ஆமாம், அவள் சொல்லிக் கொடுத்ததுதான். டம்ளரும் செம்பும் வைத்து அவளே சொல்லிக் கொடுத்ததை அண்ணன் ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தார். எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தாள். ஓட்டையே இல்லை. அண்டா வாங்கும்போது விறகைக் கூட்டினாள், மோட்டாரைக் கூட்டினாள், லாரி வாடகையைக் கூட்டினாள். நாலு பேர் ருசி பார்த்தது போய் ஒருத்தி மட்டும் பார்த்தால் நாலு நாக்கும் போய் ஒரு நாக்கு ஆகும் என்பதை மட்டும் கூட்டவில்லை. முன்பு ஒரு தப்பு நடந்தால் கால்வாசிச் சரக்கு கெடும், யார் தப்பு என்று ஊருக்கே தெரியும். இப்போது மொத்தச் சரக்கின் பேரும் கெடுகிறது, ஆள்தான் மாறிப் போகிறது.

அதற்கப்புறமும் அவள் சும்மாதான் இருந்தாள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலைக்குப் போனாள், வந்தாள். காரம் ஊற்றப் புதிதாக ஓர் ஆள் வந்தார். மேலே ஒரு கரண்டி, கீழே ஒரு கரண்டி, மறுபடி மேலே ஒரு கரண்டி என்று பேய் பிடித்தவள் மாதிரி ருசி பார்த்தாள். சாப்பாடு இறங்கவில்லை. நாக்குப் புண் என்று அண்ணியிடம் மழுப்பினாள். ஒரு மதியம் மணியடித்தது. வழக்கமாக அந்த மணிக்குக் காரக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவார். யாரும் ஓடவில்லை. சின்னவள் கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பின்தெருவுக்கு நடந்தாள்.

வாசல் திறந்தே இருந்தது. உள்ளே அத்தை நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் அவர் கண்ணில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். பாதி கன்னத்தில் வழிகிறது. காரக்காரர் கொஞ்சம் தள்ளி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி போல உட்கார்ந்திருந்தார்.

"ஏன் மாமா, நீங்க போடலையா?" சின்னவளுக்கு அதுதான் முதலில் வாயில் வந்தது.

"அவரா?" என்றார் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தச் சீசாவைத் தொட்டே நாளாச்சு. வெந்நீர்ச் சட்டியைக்கூட இறக்கித் தர மாட்டேங்கிறார். கேட்டா, கையை நம்ப முடியாதாம்."

பக்கத்து வீட்டுப் பெண் மெதுவாக நழுவிவிட்டாள். காரக்காரர் எழுந்து நின்றார். "வா பாப்பா. நானே வந்து உங்களைப் பார்த்திருக்கணும், மூஞ்சி இல்ல. அப்பா கட்டின கம்பெனி பேரைக் கெடுத்துட்டேன். வாளியை எண்ணித்தான் ஊத்தினேன். எண்ணினேன்னுதான் நினைக்கிறேன். இப்ப யோசிச்சா ஒண்ணு கூடப் போன மாதிரியும் இருக்கு, போகாத மாதிரியும் இருக்கு. அந்தப் பொம்பளைங்க கையெல்லாம் வெந்துபோச்சாமே? அப்படிப்பட்ட கையை இவ கண்ணுகிட்ட எப்படிம்மா கொண்டு போறது?"

 செய்யாத தப்பைச் செய்ததாகவே அந்த மனிதர் நம்பிவிட்டார். அவள் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அவர் இங்கே உட்கார்ந்து அந்த வாளிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்க கை ஒரு தப்பும் பண்ணல மாமா" என்றாள். "நான்தான். அடியில ருசி பார்க்காம இறக்கச் சொன்னேன். காரம் அடியில தங்கிடுச்சு. நீங்க அளந்தது சரி. பாரைத் தொட்டுப் பார்த்தேன், எனக்கு நல்லாத் தெரியும்."

அவர் புரியாதவர் போல அவளைப் பார்த்தார். அத்தைதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்போ தெரியும்?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்போ தெரியும்னு கேட்டேன்."

"இவரை நிறுத்தின அன்னிக்கே."

"அடிப்பாவி" என்றார் அத்தை. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இவர் ராவும் பகலும் கையைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருக்காரு, நீ பேசாம இருந்திருக்க. இப்ப இங்க வந்து எங்க ரெண்டு பேருக்கு மட்டும் சொன்னா ஆச்சா? வெளியில இவர் பேரு என்னன்னு இருக்கு?"

சின்னவள் ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்தாள். சலவை நிலையத்து முதலாளியம்மாவைக் கூப்பிட்டு, அவர்கள் இருவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். யார் தப்பு, என்ன தப்பு, யார்மேல் பழி போட்டோம்.  "நல்லவேளை சொன்னீங்க" என்றார் முதலாளியம்மா. "இனிமே லாரி அனுப்ப வேணாம்." போனை வைத்துவிட்டார்.

இனி அண்டா பாதிதான் கொதிக்கும். அண்ணன் இன்று சாயங்காலமே தெரிந்துகொள்வார், என்ன சொல்வாரோ. அதையெல்லாம் நினைக்க அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் காரக்காரர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய கண் அதில்தான் இருந்தது.

"அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்கு மாமா."

அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. "இன்னொரு கண்ணுக்கு மருந்து போடலைல்ல?" என்று மனைவியைக் கேட்டார். சீசாவை எடுத்தார். அத்தை தலையைச் சாய்த்துக் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டார். காரக்காரர் குனிந்தார். சீசா கண்ணுக்கு நேரே வந்தது. கை நடுங்க ஆரம்பித்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார், அப்போதும் நடுங்கியது. சொட்டு விழுந்தது. கண்ணில் இல்லை, கன்னத்தில். இன்னொரு சொட்டு மூக்கின் மேல்.

அவர் சீசாவை மேசையில் வைத்துவிட்டுச் சின்னவள் பக்கம் திரும்பினார். அவர்தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி சிரிக்கப் பார்த்தார்.

"முன்னாடி இப்படி இல்ல பாப்பா" என்றார். "ஒரு சொட்டு சிந்தாது. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மாமா" என்றாள் சின்னவள்.